ஃபைபர் லைனில் 300, போனில் 40: மிச்ச வேகம் எங்கே போகிறது?

"300 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தோம், போனில் 40 தான் வருகிறது." யாழ்ப்பாணத்தில் ஃபைபர் போட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "இன்னும் பெரிய பக்கேஜ் போடுங்கோ, காசை நான் அனுப்புறன்" என்று சொல்லும். பக்கேஜும் மாறும். போனில் அதே 40 தான் நிற்கும். வேகம் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்காமல் பக்கேஜைக் கூட்டக் கூடாது. மாதாமாதம் போகிற காசு அது.

நிறுவனம் விற்கிற வேகம் உங்கள் சுவரில் பூட்டியிருக்கிற பெட்டி வரைக்கும்தான். கண்ணாடி நாரில் ஒளியாக வருவதை மின் சமிக்ஞையாக மாற்றித் தருகிற அந்தப் பெட்டியை ஓஎன்டி என்பார்கள். பல வீடுகளில் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். பெட்டியில் இருந்து உங்கள் கையில் இருக்கிற போன் வரை உள்ள பாதை காற்று. ஒரே சனலில், அதாவது ஒரே அலைத் துண்டில், உள்ள சாதனங்கள் எல்லாம், ஒரே மைக்கை மாறி மாறி வாங்கிப் பேசுகிற கூட்டம் மாதிரித்தான். ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். யார் அடுத்துப் பேசுவது, பேசியது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதிலேயே நேரத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் போன் காட்டுகிற இணைப்பு வேகத்தில் பாதியில் இருந்து மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் கைக்கு வரும். அது பழுது அல்ல, வைஃபையின் இயல்பு. அதற்கும் கீழே விழுகிறதென்றால்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கம்பியில் அளவுங்கள்

ஒரு லேப்டொப், ஒரு லான் கேபிள். இரண்டும் போதும். கேபிளின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை லேப்டொப்பிலும் குத்துங்கள். லேப்டொப்பின் வைஃபையை நிறுத்துங்கள். விபிஎன் ஏதும் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். வீட்டில் மற்றவர்களின் போன்களில் வைஃபையைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள், சேர்வரைக் கொழும்பில் தெரிவு செய்யுங்கள். சிங்கப்பூர், லண்டன் சேர்வர்களில் அளந்தால் கடலுக்கடிக் கேபிளையும் சேர்த்து அளக்கிறீர்கள், உங்கள் லைன் எப்படி என்று அதில் தெரியாது. லேப்டொப்பில் லான் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். அதில் கிகாபிட் என்று எழுதியிருக்க வேண்டும்.

கம்பியில் பக்கேஜ் வேகத்துக்குக் கிட்ட வந்துவிட்டால் லைன் சுத்தம், பிரச்சினை வீட்டுக்குள். கம்பியிலேயே வரவில்லை என்றால் வைஃபையைத் தொட்டு மினக்கெட வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்காதீர்கள்.

கம்பியில் 93, 94 இல் முட்டிக்கொண்டு நிற்கிறது

எத்தனை தரம் அளந்தாலும் 94 ஐத் தாண்டாமல், அதற்குப் பெரிதாகக் கீழேயும் போகாமல் நிற்கிறது என்றால் மகிழ்ச்சியடையுங்கள். சுலபமாகப் பிடிபடுகிற பிழை இது. எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ் இல் பூட்டுப்பட்டிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் துளையில், தகவலோடு சேர்ந்து போகிற முகவரி விபரங்கள் கழிந்து மிஞ்சுவது 94 தான். கிகாபிட் துளையில் அதே கணக்குப்படி 940 வரை வரும்.

முதலில் பெட்டியின் துளைகளைப் பாருங்கள். பல ஓஎன்டி பெட்டிகளில் நாலு லான் துளை இருக்கும், ஒன்று மட்டும்தான் கிகாபிட், மற்ற மூன்றும் 100. பெட்டியின் பின்பக்கத்தில் ஜிஈ (GE) என்று ஒன்றுக்கும் எஃப்ஈ (FE) என்று மற்றவற்றுக்கும் போட்டிருப்பார்கள், அல்லது கிகாபிட் துளைக்கு மட்டும் வேறு நிறம் இருக்கும். ஜிஈ துளைக்கு மாற்றிக் குத்தி, மறுபடி அளவுங்கள்.

துளை சரி, இன்னும் 94 என்றால் கேபிளைப் பாருங்கள். முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே எட்டு நிறக் கம்பிகள் வரிசையாகப் பொன்னிறத் தகடுகள் வரை போய்த் தொட வேண்டும். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்ட துணை. நான் பார்த்த ஒரு கேபிளில் நீலமும் மண்ணிறமும் தலைக்குள் போகவே இல்லை, வயர்மேன் வெளியிலேயே நறுக்கி விட்டிருந்தார். 100 எம்பிபிஎஸ் க்கு நாலு கம்பி போதும் என்பதால் இணைப்பு வேலை செய்யும், லைட்டும் எரியும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசிந்த கேபிளிலும் இதேதான் நடக்கும். நீலம், மண்ணிறச் சோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு பக்கமும் தாமாகப் பேசி அநேகமாக 100 க்கு இறங்கிவிடும்.

விண்டோஸில் நெட்வேர்க் செட்டிங்ஸுக்குள் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி உண்டு. அங்கே 1000 என்று வரும் வரை கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். புதுக் கேபிள் வாங்கினால் கேட் 5ஈ அல்லது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் கடைகளில் இருக்கிறது. இரண்டு தரம் வளைத்தால் உள்ளே உடைந்துவிடும்.

ஓஎன்டியில் இருந்து தனி ரவுட்டர் ஒன்றுக்குக் கேபிள் போகிறதா? அந்தச் சின்னக் கேபிளையும், அது போய்ச் சேருகிற அந்த ரவுட்டரின் வான் (WAN) துளையையும் இதே மாதிரிப் பாருங்கள். மலிவு ரவுட்டர்களில் வைஃபை 1200 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பின்னால் உள்ள துளைகளோ 100 தான். அப்படியான ரவுட்டர் வழியாக 300 ஒருநாளும் வராது.

கம்பியில் 300, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலும் போனில் 40

இந்த 40 எங்கிருந்து வருகிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. வைஃபை வழக்கமாக இரண்டு அலைவரிசைகளில் ஓடும், 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. உங்கள் போன் 2.4 கிகாஹேர்ட்ஸில் நிற்கிறது. 2009 இல் வந்த வைஃபை 4 இல், ஒரு அன்ரனா உள்ள போனுக்கு 20 மெகாஹேர்ட்ஸ் சனலில் கிடைக்கிற ஆகக்கூடிய இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ். அதில் பாதிக்குச் சற்று மேலே எடுத்தால் 40. பக்கேஜ் 300 ஆனாலும் 1000 ஆனாலும் இந்த 72 மாறாது.

5 கிகாஹேர்ட்ஸில் கதை வேறு. வைஃபை 5 உள்ள போன் 80 மெகாஹேர்ட்ஸ் சனலில் ஒரு அன்ரனாவுடன் 433, இரண்டுடன் 867 வரை இணையும். வைஃபை 6 என்றால் இரண்டுடன் 1201. 300 பக்கேஜை முழுதாகக் கையில் பார்க்க 867 வகை போதும்.

அன்ட்ரொய்ட் போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சில்லு அடையாளத்தைத் தொட்டால் எந்த அலைவரிசை, இணைப்பு வேகம் எவ்வளவு என்று வரும். ஐபோனில் இந்த வேகம் காட்டாது, அதற்கு வீட்டில் உள்ள அன்ட்ரொய்ட் ஒன்றைப் பிடியுங்கள். 2.4 என்று இருந்தால் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போங்கள். முகவரி அநேகமாக 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அதுவும் பாஸ்வேர்டும் இருக்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் 5 க்கு மட்டும் வேறு பெயர் கொடுங்கள். பிறகு போனில் பழைய பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதியதில் இணையுங்கள். ரீவி, போன், லேப்டொப் எல்லாவற்றையும் 5 இல் போடுங்கள். கமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவை 2.4 இலேயே கிடக்கட்டும், அவற்றுக்கு வேகம் தேவையில்லை.

பெட்டியில் 5 கிகாஹேர்ட்ஸே இல்லையா? சில வருடங்களுக்கு முன் பூட்டிய பெட்டிகள் சிலவற்றில் 2.4 மட்டும்தான் உண்டு. அப்படியானால் நிறுவனத்திடம் இரண்டு அலைவரிசைப் பெட்டி கேளுங்கள், அல்லது கிகாபிட் துளையுள்ள நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கி அதற்குப் பின்னால் பூட்டுங்கள். காசு செலவழிக்கத் தகுந்த இடம் இது. பக்கேஜுக்கு மாதாமாதம் கூட்டிக் கொடுக்கிற காசை விட இது பல மடங்கு பலன் தரும்.

அரிதாக இன்னொரு காரணமும் உண்டு. இணைப்பு வேகம் 54 என்று காட்டி, அதற்கு மேல் ஏறவே மறுக்கிறதா? வைஃபை பாதுகாப்பு பழைய டபிள்யூஈபி அல்லது டிகேஐபி முறையில் இருக்கும். அந்த முறைகளோடு புதிய வேகங்களைப் பயன்படுத்த வைஃபை விதியே இடம் கொடுக்காது. டபிள்யூபிஏ2 ஏஈஎஸ் என்று மாற்றிவிடுங்கள்.

முன்னறையில் பறக்கிறது, பின்னறையில் நகரவில்லை

எங்கள் ஊர் வீடுகளில் உண்மையான பிரச்சினை இதுதான், நான் ஆகக் கூடுதலாகப் பார்ப்பதும் இதுதான்.

லைன் பூட்ட வருகிற தம்பி, ரோட்டுப் போஸ்டில் இருந்து கேபிளை இழுத்து, வீட்டுக்குள் கிட்ட இருக்கிற சுவரில் துளை போட்டுப் பெட்டியை அங்கேயே மாட்டிவிட்டுப் போவார். அவரில் பிழை சொல்ல முடியாது, அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். ஆனால் கேற்றுப் பக்கத்து முன்னறை மூலை வீட்டின் ஒரு அந்தம். அங்கே மாட்டினால் அலையில் பாதி மதிலுக்கும் ரோட்டுக்கும் போகிறது. வீட்டின் மறு அந்தத்தில் படிக்கிற பிள்ளைக்கு மிச்சம்தான்.

இடையில் இருக்கிற சுவரும் சும்மா சுவர் அல்ல. பழைய வீடுகளில் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய, ஒரு அடிக்கு மேல் தடித்த சுவர்கள். கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான், வைஃபை விழுவதும் அதனால்தான். புது வீடுகளில் செங்கல், சீமெந்துக் கல் சுவரை அலை ஓரளவு தாண்டும், ஆனால் கம்பி போட்ட கொங்கிரீட் தட்டு மேல்மாடிக்குப் போகிற அலையை மோசமாக விழுங்கும். கூரைக்குக் கீழே அலுமினியத் தாள் போட்ட வீடுகளில், தகரம் அடித்த பின்குசினியில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கு அந்தப் பக்கம் எல்லாம் இதே நிலைதான். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும். 2.4 ஐ விட 5 கிகாஹேர்ட்ஸ் சுவரில் கூடுதலாக அடிபடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேகம் 5 இல், எட்டுதல் 2.4 இல்.

எவ்வளவு விழுகிறது என்று பார்க்க, வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போனில் போட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அது டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்களாகக் காட்டும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கோலுக்குத் தாராளம். மைனஸ் 75 இல் இழுபறி. மைனஸ் 80 க்கு அப்பால் இணைப்பு இருந்தும் இல்லாத மாதிரி. ஒவ்வொரு 3 குறையும்போதும் பலம் பாதியாகிறது. சாமி அறைச் சுவரைத் தாண்டுகிற இடத்தில் எண் சட்டென்று 12, 15 என்று விழுந்தால், அந்தச் சுவர்தான் உங்கள் எதிரி என்று தெரிந்துவிடும்.

காசு செலவில்லாத வைத்தியம், பெட்டியை நகர்த்துவது. வீட்டின் நடுவுக்குக் கிட்ட, நெஞ்சுயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில். ரீவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது, அலுமாரிக்குள் பூட்டி வைக்கக் கூடாது. நாற்சார் வீடு என்றால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நடு முற்றம் திறந்த வெளி, அங்கே அலைக்குத் தடை இல்லை. முற்றத்தைப் பார்த்த உள் விறாந்தைத் தூண் ஒன்றில், மழைச் சாரல் படாத உயரத்தில் பெட்டியை வைத்தால், முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு ஒரு கதவையோ ஒரு சுவரையோ மட்டும் தாண்டி அலை போகும். முன்னறையில் வைத்தால் பின்னறைக்கு மூன்று கல்சுவர். கட்டியவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட முற்றம் வைஃபைக்கும் வழி விடுகிறது.

ஓஎன்டியை நகர்த்துவதென்றால் நீங்களாகக் கண்ணாடி நாரைக் கழற்றி இழுக்க வேண்டாம். அதன் முனையில் ஒரு தூசி படிந்தாலே ஒளி குறையும், அந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் ஆபத்து, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும். அதில் இருந்து லான் கேபிள் ஒன்றை நடுவீட்டுக்கு இழுத்து, அங்கே தனி ரவுட்டரோ அக்சஸ் பொயின்டோ (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புகிற பெட்டி) பூட்டுங்கள். லான் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் ஓடும். எங்கள் ஊரில் எந்த வீட்டின் நீளத்துக்கும் அது போதும்.

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையே அக்சஸ் பொயின்டாக மாற்றலாம். அதன் செட்டிங்ஸில் டிஎச்சிபி (DHCP) ஐ, அதாவது சாதனங்களுக்கு முகவரி கொடுக்கிற வேலையை, நிறுத்துங்கள். அதன் முகவரியை முதல் பெட்டியோடு மோதாமல் 192.168.1.2 என்பது போல மாற்றுங்கள். கேபிளை அதன் வான் துளையில் அல்லாமல் லான் துளை ஒன்றில் குத்துங்கள். அவ்வளவுதான். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் முதல் பெட்டியினுடையதைப் போலவே வைத்தால் போன் நடந்து போகும்போது தானாக மாறும். சனலை மட்டும் வேறாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. வளவுக்குள் தனியாக இருக்கிற இன்னொரு வீட்டுக்குச் செப்புக் கேபிளை வெளியால் மரத்துக்கு மரம் கட்டி இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் எங்கோ கிட்ட விழுந்தாலே அந்தக் கம்பியில் மின் அதிர்ச்சி ஏறி இரண்டு பக்கப் பெட்டிகளையும் எரித்துவிடும். அந்த மாதிரி இடத்துக்கு ஃபைபர் கேபிளே நல்லது, கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

ரிப்பீட்டர் வாங்கிப் பூட்டியும் வேகம் இல்லை

ரிப்பீட்டரை அலை வராத அறைக்குள்ளேயே பூட்டியிருப்பீர்கள். அதற்கே அலை வராவிட்டால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், மைனஸ் 60 அளவில் அலை இருக்கிற இடத்தில் பூட்டிப் பாருங்கள். அப்படிச் செய்தாலும் மலிவு ரிப்பீட்டர் ஒரே சனலில் வாங்கி அதே சனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். போனில் ஐந்து கோடும் நிறைவாகத் தெரியும், அந்தக் கோடுகள் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடைப்பட்ட பலத்தைத்தான் காட்டுகின்றன. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்கிற மெஷ் செட்டுகள் இதைவிட நல்லவை. அவற்றையும் ஒன்றோடொன்று லான் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால் மட்டும் கம்பியில்லாத மெஷ் எடுங்கள்.

பகலில் நல்லம், பின்னேரம் ஆனால் படுத்துவிடுகிறது

இரவு 7, 8 மணிக்குக் கம்பியில் அளவுங்கள். கம்பியிலும் விழுந்தால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். ஒரு நாரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஜிபொன் (GPON) முறையில் ஒரு லைனின் 2.5 ஜிபிபிஎஸ் ஐ வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பிரிப்பானில் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கிருந்து கொழும்புக்குப் போகிற பாதையிலும் இரவில் ஆட்கள் கூட. அதை நீங்கள் திருத்த முடியாது, நேரத்தோடு எழுதிவைத்து முறையிடத்தான் முடியும்.

கம்பியில் நிற்கிறது, வைஃபையில் விழுகிறது என்றால் அக்கம்பக்கத்து வைஃபைகள்தான் காரணம். பரந்த வளவுகள் உள்ள கிராமங்களில் இது குறைவு. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்கள் தங்குகிற வீடுகள், ரவுணில் கடைகளுக்கு மேலே உள்ள வீடுகள் போன்ற இடங்களில் அனலைசரைத் திறந்தால் திரை நிறையப் பெயர்கள் வரும். 2.4 இல் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஓட்டோ என்று விடாமல், இந்த மூன்றில் ஆள் குறைந்ததைப் பாருங்கள். 3, 4 என்று இடையில் போட்டால் இரண்டு பக்கத்தையும் கெடுத்து நீங்களும் கெடுவீர்கள். அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். 5 இல் இடம் தாராளம், சுவர்களும் பக்கத்து வீட்டு அலையைத் தடுத்துத் தரும். இங்கே மட்டும் சுவர் நண்பன்.

வீட்டுக்குள்ளேயே ஆள் கூடினாலும் இதே கதைதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கிற வீட்டில் போன்களின் எண்ணிக்கை மூன்று மடங்காகும். அதில் ஒரு பழைய போன் தூர அறையில் மெதுவான வேகத்தில் நின்றால், ஒரே அளவு தகவலுக்கு அது காற்றைக் கூடுதல் நேரம் பிடித்துவைக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ரீவியைக் கம்பியில் போட்டுவிடுங்கள். நகராத பொருள் எதற்கும் வைஃபை தேவையில்லை. 4கே படத்துக்கு 15 முதல் 20 எம்பிபிஎஸ் போதும் என்பதால் ரீவியின் 100 துளையே தாராளம்.

சமைக்கிற நேரத்தில் மட்டும் விழுகிறதா? மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்திலேயே வேலை செய்கிறது. போனை 5 க்கு மாற்றினால் தீர்ந்தது.

ஸ்பீட் டெஸ்ட் நல்லம், வீடியோ கோல் உறைகிறது

அம்மம்மா டொரொண்டோவில் இருக்கிற பேரனோடு கதைக்கும்போது முகம் உறைந்து நிற்கும், குரல் உடைந்து வரும். டெஸ்ட் ஓட்டினால் 200. இங்கே குறைபாடு வேகத்தில் இல்லை, தாமதத்தில். அதற்கு ஒரு காரணம் தூரம். ஒளி கண்ணாடி நாரில் செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும், டொரொண்டோவுக்கு நேர்கோட்டில் போய் வரவே 130 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும், உண்மைப் பாதை அதைவிட நீளம். அதை மாற்ற முடியாது. ஆனால் அதனால் மட்டும் முகம் உறையாது.

உறைவதற்குக் காரணம் அநேகமாக ஏற்றும் பக்கம். பல பக்கேஜ்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தை விடக் குறைவு. கேற்றடியில் பூட்டிய சிசிரிவி கமரா படத்தைக் கிளவுட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கலியாண வீட்டில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் யாரோ ஒருவரின் போன் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த வரிசை ரவுட்டருக்குள் நிரம்பி, கோலின் குரல் அதற்குப் பின்னால் நிற்கும். இதைப் பிடிக்க, லேப்டொப்பில் கொமாண்ட் திரையைத் திறந்து பிங் 8.8.8.8 மைனஸ் டி (ping 8.8.8.8 -t) என்று ஓட விட்டு, அதே நேரம் போனில் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுங்கள். 40, 50 இல் நின்ற எண் 300, 500 என்று எகிறினால் இதுதான் நோய்.

போன்களின் படச் சேமிப்பை இரவுக்கு ஒதுக்குங்கள். கமராவைக் கிளவுட்டுக்குப் பதிலாக மெமரி கார்டில் அல்லது ரெக்கோடரில் பதியச் சொல்லுங்கள். ரவுட்டரில் கியூஓஎஸ் (QoS), அதாவது எதற்கு முதலிடம், எவ்வளவு வேகம் என்று ஒழுங்குபடுத்துகிற வசதி, இருந்தால் ஏற்றும் வேகத்தின் உச்சத்தை நீங்கள் கம்பியில் அளந்ததில் 85 முதல் 90 வீதம் என்று வையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், கோல் உடையாது. வயதானவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பது அந்தக் கோலில்தான் என்கிற வீட்டில், இந்த ஒரு திருத்தம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது.

ஒரு போன் மட்டும் மெதுவு

மற்றவை அதே இடத்தில் நன்றாக ஓடினால் பிழை அந்தப் போனில். பழைய போனில் 5 கிகாஹேர்ட்ஸ் இல்லாமல் இருக்கலாம், பவர் சேவிங் போட்டிருக்கலாம், விபிஎன் ஓடலாம். லேப்டொப் என்றால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அது 2.4 இல் இரைச்சல் கிளப்பும்.

300 என்கிறார்கள், டவுன்லோட் 35 இல் ஓடுகிறது

பிழையே இல்லை. லைனின் வேகம் பிட் கணக்கு, டவுன்லோட் திரையில் வருவது பைட் கணக்கு. 8 ஆல் பிரியுங்கள். 300 ஐப் பிரித்தால் 37.5. 35 வருகிறதென்றால் லைன் முழுதாக வேலை செய்கிறது.

மாதக் கடைசியில் மட்டும் மெதுவு

டேட்டா அளவு முடிந்திருக்கும். பல பக்கேஜ்களில் அளவு முடிந்ததும் வேகத்தை இறக்கிவிடுவார்கள். நிறுவனத்தின் செயலியில் மிச்சத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு மற்ற வேலை.

கம்பியிலும் குறைவு, அல்லது விட்டு விட்டு அறுகிறது

பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்ற லைட் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வரவில்லை. அந்தச் சிவப்பு நிலையாக இல்லாமல் நாளுக்குப் பல தரம் அறுந்து திரும்பினால், வீட்டுக்குள் நார் வருகிற பாதையைக் கண்ணால் தொடருங்கள். ஆணியில் சுற்றி மடக்கியிருக்கும், அலுமாரிக்குப் பின்னால் நசிந்திருக்கும். விரல் தடிப்புக்கு வளைத்தாலே ஒளி வெளியே கசியும். மெதுவாக நிமிர்த்தி, அகலமான வட்டமாக விடுங்கள். வெளியே தென்னோலை விழுந்து கேபிளை இழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள், தொட வேண்டாம்.

சில பெட்டிகளின் செட்டிங்ஸில் ஒப்டிகல் அல்லது பிஓஎன் (PON) என்ற பக்கத்தில் வந்து சேருகிற ஒளியின் அளவு இருக்கும். ஜிபொன் இல் அது மைனஸ் 8 க்கும் மைனஸ் 27 டிபிஎம் க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 20 சுற்றி என்றால் கவலையில்லை. மைனஸ் 26 என்றால் ஓரத்தில் நிற்கிறது, மழைக்கும் வெயிலுக்கும் அறுகிற லைன் அதுதான்.

கறன்ட் போய் வந்த பிறகு மெதுவு என்றால், இரண்டு பெட்டி உள்ள வீட்டில் ஓஎன்டியை முதலில் போட்டு, லைட்டுகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று பூட்டினால் மின்வெட்டிலும் கோல் அறாது. வாங்கும் முன் பெட்டிகளின் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மேலே நிறுவனத்தின் வேலை. கோல் எடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு முறைப்பாட்டை மூடிவிடுவார்கள். "வைஃபையை நிறுத்தி, கிகாபிட் துளையில் கேபிள் போட்டு, கொழும்புச் சேர்வரில் அளந்தேன். காலையில் இவ்வளவு, இரவு 8 மணிக்கு இவ்வளவு, வந்து சேருகிற ஒளி இவ்வளவு" என்று சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷொட்டுகளை வைத்திருங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். ஆள் வந்தால் அவருக்கு முன்னாலேயே கம்பியில் ஒரு தரம் அளந்து காட்டச் சொல்லுங்கள், பெட்டி மாற்றித் தந்தால் அவர் போகும் முன் எந்தத் துளை கிகாபிட் என்று கேட்டு வையுங்கள்.